வலத்தட்டில் தாய்க்கல்

கடலோரத்தில் கோட்டைத்துறை என்றொரு பட்டினம். அங்கே நாழியும் கிடையாது, படியும் கிடையாது. அரிசியோ பருப்போ கருப்பட்டியோ, எதுவானாலும் தராசில் ஏறி இறங்கித்தான் வீட்டுக்குப் போகும். தராசில் சண்டை வந்தால் பட்டினத்தின் நடுவில் இருந்த தராசு மடத்தில் போய்த்தான் தீரும்.

மடத்துக்குள் ஒரு பீடம். பீடத்தின்மேல் தாய்க்கல். பெயர்தான் கல், வார்த்தது செம்பில். ஊரில் இருந்த எடைக்கற்கள் எல்லாம் அதைப் பார்த்துச் செய்தவை. அவற்றுக்குச் சேய்க்கல் என்று பெயர்.

ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ஒப்புநாள். விற்கிறவர்கள் எல்லாரும் தங்கள் சேய்க்கல்லைக் கொண்டுவந்து தாயோடு ஒப்பிட வேண்டும். கூடினால் அரத்தால் ராவுவார்கள். குறைந்தால் அடிக்குழியில் ஈயம் ஊற்றுவார்கள். அன்று காலையில் மடத்து வாசலில் கற்கள் வரிசையாக இருக்கும். கல் வெயிலில் இடம்பிடித்து நிற்கும். ஆள் புன்னைமர நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போடுவான்.

தராசின் இடத்தட்டு தாய்க்கு. வலத்தட்டு சேய்க்கு. இடத்தட்டு கேட்கும், வலத்தட்டு பதில் சொல்லும் என்பார்கள். தாய்க்கல்லை வலத்தட்டில் வைத்தவர் ஒருவரும் இல்லை. வைக்கக் கூடாது என்று யாரும் சொல்லி வைக்கவும் இல்லை. அப்படி ஒன்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

மடத்தின் குரு கோமதிநாயகம். இளவயசுக்காரர். சிஷ்யர்களில் ஒருத்தி மட்டும் அவரைவிட மூத்தவள். அவள் பெயர் மாடத்தி. பட்டினத்துக்குத் தெற்கே, உப்பளங்களுக்கு நடுவில் இருக்கும் அளத்தங்கரையிலிருந்து வந்தவள். அவர் அவளை அக்கா என்று கூப்பிடுவார். அவள் அவரைச் சாமி என்பாள். இரண்டு பேருக்கும் அதில் சங்கடம் எதுவும் இருந்ததில்லை.

அளத்தங்கரையிலிருந்து மடத்துக்குப் படிக்க வந்த முதல் ஆள் மாடத்திதான். தான் தவறினால் ஊர்ப்பேர் கெட்டுவிடும் என்ற பயம் அவளைவிட்டுப் போகவே இல்லை. தராசுக் கயிற்றின் முடிச்சை இழுத்துப் பார்ப்பாள். இரண்டு எட்டு நடந்து போவாள். திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பாள்.

"என்ன உப்பக்கா, முடிச்சு ஓடிப்போச்சா?" என்பான் கூடப் படிக்கும் ஒருவன்.

"இருக்கு தம்பி. நீ போட்ட முடிச்சுன்னு ஞாபகம் வந்துச்சு. அதான் திரும்பி வந்தேன்."

பயம் இருந்ததே தவிர, வாய் இல்லாமல் இல்லை.

அந்த வருஷம் ஒப்புநாளுக்குச் சில நாட்கள் முன்னால் மாடத்தியின் தம்பி சுடலை அரிசி வாங்கச் சந்தைக்கு வந்தான். அளத்தங்கரை உப்பை மட்டும் வணிகர்கள் மூட்டைக் கணக்கில் எடுப்பார்கள். அரிசியை எடைக் கணக்கில் கொடுப்பார்கள். சாக்கைக் குலுக்கிக் குலுக்கி உப்பை அடைப்பவர்கள், அரிசி என்று வந்தால் ஒவ்வொரு மணியாகப் போடுகிறார்களே என்று சுடலைக்கு நெடுநாளாகவே ஒரு குமைச்சல். அன்றைக்கு அவன் வெறுங்கையோடு வரவில்லை. ஊர்ச் சேய்க்கல்லைத் துண்டில் சுற்றித் தோளில் சுமந்து வந்தான்.

அந்தக் கல் எந்தத் தலைமுறையிலோ மடத்திலிருந்து அளத்தங்கரைக்குக் கொடுத்தது. உப்புக்காற்று செம்பைத் தின்றுவிடும் என்று பயந்து ஒரு பானையில் வேப்பெண்ணெய் ஊற்றி அதற்குள் போட்டு வைத்திருந்தார்கள். எடைபோட்டு விற்க அந்த ஊரில் ஒன்றும் இல்லை. அதனால் எந்த ஒப்புநாளுக்கும் அது வந்ததில்லை.

வணிகர் தலைவர் அம்பலவாணரின் கடையில் அரிசி வாங்கினான் சுடலை. வாங்கிய அரிசியை அதே கடை வாசலில், அதே தராசில், தன் கல்லை வைத்து மறுபடி நிறுத்தான். தட்டு சமமாக நிற்க இன்னும் ஒரு கைப்பிடி வேண்டியிருந்தது.

"குறையுது ஐயா," என்றான்.

அம்பலவாணர் எழுந்து வந்து பார்த்தார். அவர் பொய் எடை போடுகிறவர் அல்ல. வாழ்நாளில் ஒருவரும் அவரை அப்படிச் சொன்னதில்லை. அதனால்தான் அவருக்குக் கோபம் வந்தது.

"என் கல் வருஷம் தவறாம தாய்க்கல்லைப் பார்த்துட்டு வருது. உன் கல் எதைப் பார்த்துட்டு வருது? வேப்பெண்ணெயையா?"

கூட்டம் சிரித்தது.

"எண்ணெயில கிடந்தா எடை கூடுமா ஐயா?" என்றான் சுடலை.

"பொய்க்கல்லுன்னா எதுல கிடந்தாலும் கூடும்."

வார்த்தை தடித்து விவகாரம் மடத்துக்கு வந்தது. பட்டினத்து வழக்கம் எல்லாருக்கும் தெரியும். ஒப்புநாளில் தாயோடு ஒப்பிட வேண்டும். பொய்க்கல் என்று மடம் சொன்னால் கல் கடலுக்குப் போகும். அதை வைத்திருந்த ஊர் சந்தைக்குள் கால் வைக்கக் கூடாது. சந்தை இல்லையென்றால் அளத்தங்கரையில் உப்பு இருக்கும், உலைக்கு அரிசி இருக்காது.

குரு மாடத்தியைக் கூப்பிட்டார்.

"அக்கா, ஒப்புநாள் அன்னைக்கு நீங்க நிறுங்க."

"சாமி, எதிர்ல நிக்கிறது என் தம்பி."

"தெரியும்."

"ஊர்க்கல் சரின்னு சொன்னா, சொந்தத்துக்குச் சாஞ்சுட்டான்னு பேசுவாங்க. தப்புன்னு சொன்னா என் ஊர் பட்டினி கிடக்கும்."

"அதுவும் தெரியும்."

"வேற யாராவது நிறுக்கட்டுமே."

"வேற யாராவது போன முடிச்சுக்குத் திரும்பி வர்றாங்களா?"



ஒப்புநாளுக்கு முந்தின நாள் மத்தியானம் சுடலை வந்தான். மடத்துக்குப் பின்னால் கிணற்றடியில் அவள் தட்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒத்துப்போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிரு. போதும்."

"முள்ளு எல்லார் கண்ணுக்கும் முன்னாலதான்டா நிக்கும்."

"முள்ளு நிக்கிறதுக்கு முந்தி கயித்தை விரலால லேசாத் தட்டிவிட்டா என்ன? யாருக்குத் தெரியப் போவுது?"

"தட்டின விரலை வச்சுக்கிட்டு நாளைக்கு நான் எந்தத் தராசைத் தொடுறது?"

சுடலை கிணற்றுச் சுவரில் உட்கார்ந்தான். 

"நீ இங்க வந்து படிக்கணும்னு ஊரே ராத்திரிச் சோத்தை விட்டு உலையை இறக்கி வச்சுச்சு. மறந்துட்டியா?"

"மறக்கலடா." தேய்த்த தட்டை வெயிலில் கவிழ்த்தாள். "ஆனாலும் தட்ட மாட்டேன்."

"எங்க சோத்தைத் தின்னுட்டு அவுங்க தாய்க்குப் பூ வைக்கிற."

"பூ வைக்கிறதும் நான்தான். நிறுக்கிறதும் நான்தான். போயிட்டு நாளைக்குக் கல்லைக் கொண்டா. வழியில ஈரம் படாம கொண்டா."

அவன் முகம் கொடுக்காமல் போய்விட்டான்.

சாயங்காலம் அவள் புளி ஊறவைத்தாள். வெள்ளிக்கிழமைதோறும் விடிந்ததும் தாய்க்கல்லைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். முகம் பார்க்கலாம் என்று சொல்லும் அளவுக்குத் தேய்க்க வேண்டும். தேய்த்து வழித்த புளித்தண்ணீரைத் தீர்த்தமாகக் கொடுப்பார்கள். புளிப்போடு ஒரு மாதிரிக் கரகரப்பாக இருக்கும். 'தாய் ருசி' என்று கண்ணில் ஒற்றிக்கொண்டு குடிப்பார்கள். கருவுற்ற மருமகளுக்கென்று செம்பில் வாங்கிப் போகிறவர்களும் உண்டு.

குரு தாழ்வாரத்தில் உட்கார்ந்து தராசுக்குப் புதுக் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். மாடத்தி புளியைக் கரைத்துக்கொண்டே கேட்டாள்.

"சாமி, ஒண்ணு கேக்கட்டுமா? கேக்கக் கூடாதுன்னா சொல்லிருங்க."

"கேட்டுட்டுச் சொல்றேன்."

"தாய் தப்பா இருக்க முடியுமா?"

முறுக்கிக்கொண்டிருந்த கை நின்றது. பிறகு முறுக்கியது.

"புளியை நல்லாக் கரைங்க அக்கா. திப்பி இருக்கு."



விடிந்தது. மாடத்தி தாய்க்கல்லைப் பீடத்திலிருந்து இறக்கினாள். தேய்த்தாள். கழுவினாள். கல் சூரியன் மாதிரி வந்தது. வாசலில் அம்பலவாணர் முதல் ஆளாகத் தீர்த்தத்துக்கு நின்றார். வாங்கிக் குடித்தார். மறுபடி கையை நீட்டினார். மறுபடியும் குடித்தார். ஒப்புநாளுக்கென்று வந்த கூட்டம் முழுவதும் வாங்கிக் குடித்தது.

எல்லாரும் குடித்து நகர்ந்தபின் குரு இரண்டு குவளைகளோடு வந்தார். ஒன்றை நீட்டினார்.

"குடிங்க."

குடித்தாள்.

"என்ன ருசி?"

"தாய் ருசி."

"இதைக் குடிங்க. இது நேத்து நீங்க கரைச்ச புளியில சாம்பல் போட்டது. கல்மேல படாதது."

குடித்தாள்.

"இது?"

"புளிப்பும் சாம்பலும். வேற ஒண்ணும் இல்லை."

"அப்போ அந்த வேற ஒண்ணு எங்கேருந்து வந்துச்சு?"

மாடத்தி தாய்க்கல்லைப் பார்த்தாள். பளபளவென்று இருந்தது. தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். விரல் இடுக்குகளில் புளியும் சாம்பலும் செந்நிறமாக ஏறியிருந்தன.

"எத்தனை தலைமுறையா கழுவுறோம், சாமி?"

"கணக்கு இல்லை."

"உங்களுக்குத் தெரியுமா?"

"நீங்க நேத்துக் கேட்டதை நான் எங்க குருகிட்டக் கேட்டேன். கோவிச்சுக்கிட்டார். ஒரு வருஷம் முழுக்க வெள்ளிக்கிழமையெல்லாம் என்னையே கழுவச் சொல்லித் தண்டனை குடுத்தார்."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"நல்லா அழுத்தித் தேய்ச்சேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. வருஷா வருஷம் இந்தக் கல்லைப் பார்த்துத்தானே ஊர்க்கற்களையெல்லாம் ராவினார்கள். தாய் இளைக்க இளைக்கப் பிள்ளைகளையும் இளைக்கவைத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். எண்ணெய்ப் பானைக்குள் கிடந்த ஒரு பிள்ளை மட்டும் தப்பிவிட்டது.

"சாமி, இது என் மனசுக்குத் தெரிஞ்சா போதாதே. நான் அளத்தங்கரைக்காரி. எங்க கல்லு சரி, உங்க தாய் தப்புன்னு நான் சொன்னா, வாசல்லயே சிரிப்பாங்க."

"சிரிப்பாங்க."

"எங்க கல்லையும் தாயையும் வச்சா, ரெண்டுக்கும் வித்தியாசம்னுதான் தெரியும். எது மாறுச்சுன்னு தெரியாது."

"தெரியாது."

"மூணாவதா ஒண்ணு வேணும்."

குரு குவளைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வெயில் ஏறியது. வாசலில் கற்கள் வரிசைகட்டின. முதல் கல் எப்போதும்போல அம்பலவாணருடையது. கடைசியில் கருவாடு விற்கும் ஒரு பெண்ணின் கல். மண்டபத்தில் நிற்க இடமில்லை. அளத்தங்கரையிலிருந்து சுடலையோடு ஒரு கூட்டமே வந்திருந்தது. குரு தூணோரம் உட்கார்ந்து, நேற்று முறுக்கிய கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

மாடத்தி வெறும் தட்டுகளை விட்டுப் பார்த்தாள். முள் நடுவில் நின்றது. கயிற்று முடிச்சை இழுத்துப் பார்த்தாள். இரண்டு எட்டுப் போய்த் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்தாள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

தாய்க்கல்லை இடத்தட்டில் வைத்தாள். சுடலை கொண்டுவந்த கல்லை எண்ணெய் போகத் துடைத்து வலத்தட்டில் வைத்தாள்.

வலத்தட்டு இறங்கியது.

மண்டபம் முழுவதும் மூச்சுவிட்டது. சுடலை தலையைக் குனிந்துகொண்டான். இந்த இடத்தில் நிறுக்கிறவர் சொல்ல வேண்டிய வாசகம் ஒன்று உண்டு. 'தாய் சரி, சேய் கூடுதல்.' எல்லாரும் அதற்காகக் காத்திருந்தார்கள்.

மாடத்தி சொல்லவில்லை.

"சொல்லும்மா," என்றார் அம்பலவாணர். "முள்ளு சொல்லிருச்சு. நீ ஏன் யோசிக்கிற?"

"ஐயா, உங்க வீட்டுல ஒரு பழைய கல் இருக்குன்னு சொல்வாங்களே."

அம்பலவாணரின் முகம் மலர்ந்தது. அந்தக் கல்லைப் பற்றி யார் கேட்டாலும் அவருக்கு மலரும்.

"இருக்கு. மடம் வார்த்த முதல் சேய்க்கல்லுல ஒண்ணு. எங்க பாட்டன் பூட்டன் காலத்துலேருந்து பட்டுமேல பட்டாச் சுத்திப் பெட்டியில இருக்கு."

"அதை எப்பவாவது புளி போட்டுக் கழுவினது உண்டா?"

"கழுவுறதா? நாங்க அதைத் தொடவே மாட்டோம். தூரத்துல நின்னு கும்பிடுவோம்."

"ஒப்புநாளுக்குக் கொண்டுவந்து ராவினது?"

"எங்க வீட்டுக் கல்லையா? அதைச் சோதிக்க யாருக்கும்மா யோக்கியதை இருக்கு?"

"இல்லைதான் ஐயா. அதான் கேட்டேன். அதைக் கொஞ்சம் வரவழைக்க முடியுமா? எங்க ஊர்க்கல் பொய்யின்னா, உங்க கல்லும் அதைச் சொல்லட்டுமே. அப்புறம் ஒருத்தரும் என்னைக் குறை சொல்ல முடியாது."

அவருக்கு அது பிடித்திருந்தது. ஆள் அனுப்பினார். பெட்டி வந்தது. பட்டுகளை அவரே தன் கையால் ஒவ்வொன்றாகப் பிரித்தார். உள்ளே இருந்த கல் கறுத்துப்போய், பளபளப்பு ஏதும் இல்லாமல் இருந்தது.

மாடத்தி தாய்க்கல்லை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். காலியான இடத்தட்டில் அம்பலவாணரின் கல்லை வைத்தாள். வலத்தட்டில் அளத்தங்கரைக் கல் அப்படியே இருந்தது.

முள் ஆடியது. இந்தப் பக்கம் போனது. அந்தப் பக்கம் போனது. நடுவில் வந்து நின்றது.

 அவள் இரண்டையும் தட்டு மாற்றி வைத்தாள். மறுபடியும் நடுவில் நின்றது. திரும்பப் பழையபடி வைத்தாள்.

"ஒண்ணு பட்டுக்குள்ள இருந்துச்சு. ஒண்ணு எண்ணெய்க்குள்ள இருந்துச்சு," என்றாள் மாடத்தி.  "இன்னைக்குத்தான் ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பார்க்குது. பேசிவச்சுக்கிட்டுப் பொய் சொல்ல வழியில்லை."

பிறகு தாய்க்கல்லை எடுத்தாள். அளத்தங்கரைக் கல்லை இறக்கினாள். எடுத்த தாயை வலத்தட்டுப் பக்கம் கொண்டுபோனாள்.

"ஏய்," என்றார் அம்பலவாணர். "தாயை அந்தத் தட்டுல வைக்காதே."

அவள் கை அந்தரத்தில் நின்றது. குருவைப் பார்த்தாள். அவர் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

"ஏன் வைக்கக் கூடாது ஐயா?"

"அது பதில் சொல்ற தட்டு."

"பதில் சொல்லட்டும்," என்று வைத்தாள்.

வலத்தட்டு மேலே போனது.

தாய்க்கல் பளபளவென்று மேலே நின்றது. கறுத்த கல் கீழே இருந்தது. கடைசி வரிசையில் இருந்தவர்களுக்குக்கூடத் தெரிந்தது. மாடத்தி வாசகத்தைச் சொன்னாள். அந்த மடத்தில் யாரும் சொல்லாத வாசகம்.

"சேய் சரி. தாய் குறைவு. அளத்தங்கரைக் கல் பொய்க்கல் இல்லை."

இரைச்சல் அடங்க நேரமாயிற்று. அம்பலவாணர் தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கல்லே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது. அதைப் பொய் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"அவ்வளவு செம்பு எங்கம்மா போச்சு?" என்றார் கடைசியில். "யார் திருடினது?"

"யாரும் திருடல ஐயா. நாம எல்லாரும் குடிச்சிருக்கோம். நீங்க இன்னைக்கு ரெண்டு தடவை."

அவர் கை தானாக உதட்டுக்குப் போனது.

"எனக்கு ஒரு கைப்பிடி அரிசி வர வேண்டியிருக்கு," என்றான் சுடலை. அளத்தங்கரைக்காரர்கள் சிரித்தார்கள். கருவாட்டுக்காரியும் சிரித்தாள்.

அம்பலவாணர் லேசில் அசந்துபோகிற ஆள் இல்லை. கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்தார்.

"சரி. தருவேன். தாய் குறைஞ்சுபோச்சு, ஒத்துக்கிறேன். என் வீட்டுக் கல் குறையல. அதை நீங்களே பார்த்தீங்க. இன்னையிலேருந்து அதுதான் தாய். பீடத்துல ஏத்துங்க. கவசம் நான் செஞ்சு போடுறேன்."

"அது ஏன் உங்க கல்லு?" என்றான் சுடலை. "ரெண்டும் ஒண்ணாத்தானே நின்னுச்சு? பட்டுல இருந்தாத்தான் தாயாகலாமா? எண்ணெய்ப் பானையில கிடந்ததும் பொய் சொல்லல. எங்க கல்லு ஏறட்டும்."

அளத்தங்கரைப் பெண்கள் குலவையிட்டார்கள். ஒருத்தி மடியிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்துவிட்டாள்.

"அக்கா," என்றான் சுடலை. கண் கலங்கியிருந்தது. நேற்றுக் கிணற்றடியில் பேசியதெல்லாம் அவனுக்கு மறந்துபோயிருந்தது. "நம்ம கல்லை நீயே ஏத்து. உலையை இறக்கி வச்ச ஊரு ஒரு தடவை கண்ணாரப் பார்க்கட்டும்."

மாடத்தி அளத்தங்கரைக் கல்லைக் கையில் எடுத்தாள். கனத்தது. வேப்பெண்ணெய் வாசம் அடித்தது. சின்ன வயசில் அந்தப் பானையை எட்டிப் பார்த்தபோது அடித்த அதே வாசம். கூட்டம் விலகிப் பீடத்துக்கு வழிவிட்டது. பீடத்தில் காலையில் வழிந்த புளிக்கறை இன்னும் காயவில்லை.

பீடத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

"மாட்டேன்," என்றாள்.

"என்னக்கா?"

"இதுல ஏத்தினா வர்ற வெள்ளிக்கிழமை கழுவுவீங்க."

"நாங்களா கழுவுவோம்? இவ்வளவு தெரிஞ்ச பிறகா?"

"கழுவ மாட்டீங்க. சந்தனம் பூசுவீங்க. ஆசையாத் தொட்டுத் தொட்டுக் கும்பிடுவீங்க. அப்புறம் ஒரு நாள் அழுக்கா இருக்கேன்னு லேசாத் தேய்ப்பீங்க. நான் இன்னைக்குக் காலையில எவ்வளவு ஆசையாத் தேய்ச்சேன் தெரியுமா?"

"நம்ம கல்லுக்கா."

"நம்ம கல்லா இருந்தா இன்னும் அழுத்தித் தேய்ப்பேன் சுடலை."

குங்குமச் சிமிழ் மூடிக்கொண்டது.

"அப்போ என் கல்லை ஏத்து," என்றார் அம்பலவாணர்.

"உங்க கல்லும்தான் ஐயா."

"ரெண்டும் வேண்டாம்னா, பீடம் காலியாக் கிடந்தா, ஊர் எதைம்மா நம்பும்? வாசல்ல இவ்வளவு கல் நிக்குதே, அதெல்லாம் எதுக்கு முன்னால போய் நிக்கும்?"

  மாடத்தி கல்லைக் கையில் வைத்துக்கொண்டே குருவிடம் போனாள்.

"சாமி, இன்னைக்கு இந்த ரெண்டு கல்லும் ஒத்து நிக்குது. இதை வச்சு வாசல்ல இருக்கிற கல்லையெல்லாம் பார்த்துருவேன். அடுத்த ஒப்புநாளுக்கு இதுங்களும் மாறியிருக்காதுன்னு எனக்குச் சொல்லத் தெரியல. எதைத் தாய்ன்னு சொல்றது?"

குரு முடிச்சை இறுக்கினார். கயிற்றை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தார். தராசுக்குப் போய்த் தாய்க்கல்லை வலத்தட்டிலிருந்து எடுத்தார். அதன்மேல் ஒட்டியிருந்த பூவிதழை ஊதித் தள்ளினார். பழக்கத்தில் மேல்துண்டால் துடைக்கப் போனவர், கையை நிறுத்திக்கொண்டார்.

கல்லை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வெளியே நடந்தார். கூட்டம் பின்னாலேயே வந்தது. வாசல் வெயிலில் ஊர்க்கற்கள் வரிசையாக நின்றன. முதல் கல்லைத் தாண்டினார். நடுவில் இருந்தவற்றைத் தாண்டினார். கடைசியில் கருவாட்டுக்காரியின் கல் வரை போனார். அதற்குப் பின்னால் குனிந்து தாய்க்கல்லைத் தரையில் வைத்தார்.

"சாமி," என்றார் அம்பலவாணர். "தாயையா கொண்டுபோய்க் கடைசியில நிறுத்துறீங்க?"

"தாமசமா வந்திருக்கு."

மாடத்தி வாசற்படியில் நின்றாள். கையில் அளத்தங்கரைக் கல் இன்னும் இருந்தது.

"அப்போ இந்த ரெண்டும், சாமி? அடுத்த வருஷம்?"

"இதுக்குப் பின்னால இடம் இருக்கு. எல்லாம் ஒண்ணை ஒண்ணு பார்க்கட்டும்."

அவர் புன்னைமர நிழலுக்குப் போனார். வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். எல்லாரையும்போலக் காலை நீட்டி உட்கார்ந்தார்.

"உள்ளே போய் நிறுக்க ஆரம்பிங்க அக்கா. என் கல்லோட முறை வந்தா கூப்பிடுங்க."